கமா உபயம் வெள்ளைச்சாமி

“உபயச் செவுரு ஒண்ணு குடுங்க.”

கேட்டீர்களா அக்கா? பின் சீட்டில் ஒருவர் டிக்கெட் கேட்டது. கண்டக்டர் அது எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை, கிழித்துக் கொடுத்துவிட்டார். போன வருஷம் வரைக்கும் அந்த நிறுத்தத்துக்குப் பெயர் ஏந்தல்வயல் பள்ளிக்கூடம். இப்போது உபயச் செவுரு. நீங்களும் அங்கேதான் இறங்க வேண்டும் என்றதால் உங்களிடம் சொல்கிறேன். மற்றபடி நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. இரண்டு வருஷமாக அறந்தாங்கியிலிருந்து இதே பஸ்ஸில் போய் வருகிறேன், கண்டக்டருக்கு என் குரல் தெரியாது. ஊர்ப் பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன், சில்லறையைச் சரியாக நீட்டிவிடுவேன்.

அந்தச் சுவர் என் யோசனை. பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குப் பெயர் முக்கியமில்லை அக்கா. ச. பூங்கோதை, எம்.ஏ., பி.எட். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனால் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ‘இங்கிலீஷ் மிஸ்’ என்றால்தான் தெரியும். வருகைப் பதிவேட்டில்கூட பெரிய டீச்சர் ‘இ.மிஸ்’ என்றுதான் எழுதுவார். நான் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

நான் நிரந்தர வேலையில் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த ஆள். போன தை மாதம் கழகத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். வருகிற ஜூனில் ஆறாம் வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால் இங்கிலீஷ் மிஸ் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். பதினான்கு என்றால் வேண்டாம். என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள். நான் தேநீர் டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள் என்றால் மஞ்சள் வேன். காலையில் எட்டு மணிக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன் வந்து வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால்தான் நான் ஒரு காகிதத்தில் எழுதிப் பெரிய டீச்சரிடம் கொடுத்தேன். நேரில் சொல்ல எனக்கு வராது. ரோட்டைப் பார்த்த சுற்றுச்சுவர் சும்மாதானே இருக்கிறது, அதில் இங்கிலீஷில் எழுத வேண்டிய அடிப்படை விதிகள் பத்தைப் பெரிதாக எழுதிவைத்தால் பஸ்ஸில் போகிறவர்கள் பார்ப்பார்கள், இங்கேயும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரியும். வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். முற்றுப்புள்ளியில் முடிய வேண்டும். கேள்விக்குக் கேள்விக்குறி. அடுக்கிச் சொன்னால் கமா. இப்படிப் பத்து. ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் இரண்டு வரி விளக்கம், ஒரு உதாரணம். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன்.

பெரிய டீச்சர் திலகவதி அம்மா நல்லவர். காகிதத்தைப் படித்துவிட்டு, “ரொம்ப நல்லாருக்கு. யாருகிட்டயாவது உபயம் கேட்டுடலாம்” என்றார். அந்த இடத்தில் ஆரம்பித்தது.

அக்கா, உங்களுக்கு அந்த ஊர் வழக்கம் தெரியாது. ஏந்தல்வயலில் நாலு கரை. கரை என்றால் ஆற்றங்கரை இல்லை. ஊர்க் குடும்பங்களை நாலு பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அம்மன் கோவில் திருவிழாவில் முதல் விபூதி முதல் கரைக்கு. அப்புறம் இரண்டு, மூன்று, நாலு. ஒரு வருஷம் தட்டு மாறிப்போய் மூன்றாம் கரைக்கு முதலில் நீட்டிவிட்டார்கள். அந்த வருஷம் தேர் ஓடவில்லை. கரை இல்லாதவர்களும் இருக்கிறார்கள், மேட்டுத்தெருவில். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தெருதான். அவர்களுக்கு விபூதி எப்போது என்று நான் கேட்டதில்லை. ஊர் வழக்கத்தைப் பற்றி வெளியூர்க்காரி நான் என்ன சொல்வது.

கூட்டம் எட்டாம் வகுப்பறையில் நடந்தது. கழகத் தலைவர் அடைக்கலம் ஐயா முதல் கரை. பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் என்று மேசைமேல் உட்கார்ந்தார். என் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“மிஸ்ஸு, இதுல மொதல்ல இருக்கது என்ன?”

“பெரிய எழுத்துங்கய்யா. வாக்கியம் பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும். பேரு எழுதும்போதும் பெரிய எழுத்து.”

“பெரிய எழுத்தா. அப்ப அது மொதக் கரைக்கு. யாருக்கும் ஆட்சேபணை இருக்கா?”

யாருக்கும் இல்லை. உதாரணத்துக்கு நான் ஒரு நதியின் பெயரை எழுதியிருந்தேன். அவர், “அந்த எடத்துல ஏம் பேரைப் போட்டுவிடுங்க, நதிக்கு வருத்தம் வராது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுவரில் ‘அடைக்கலம் இஸ் எ குட் மேன்’ என்று இருப்பது அப்படி வந்தது.

அதற்குப் பிறகு சும்மா இருப்பார்களா? இரண்டாம் கரை வெள்ளைச்சாமி ஐயாவுக்குக் கமா. அடுக்கிச் சொல்வதற்கு உதாரணமாக நான் எழுதியது ஆப்பிள், ஆரஞ்சு, மாம்பழம். அவர், “பழக்கடையா வச்சிருக்கேன்? லாரி, டிராக்டர், போர்வெல்லு, வீடுன்னு போடுங்க” என்றார். வெள்ளைச்சாமி ஹேஸ் எ லாரி, எ டிராக்டர், எ போர்வெல் அண்ட் எ ஹவுஸ். எழுதிக் காட்டினேன்.

“இதுல எனக்கு எத்தனை கமா வருது?”

“ரெண்டுங்கய்யா.”

“நாலு பொருளுக்கு ரெண்டுதானா?”

“கடைசிக்கு முன்னாடி அண்ட் வந்துரும். கமா வராது.”

“அந்த அண்டைத் தூக்க முடியாதா?”

“முடியாதுங்கய்யா.”

“அப்ப ஒரு ரைஸ் மில்லைச் சேத்துவிடுங்க, மூணாயிரும்.”

அடைக்கலம் ஐயா மேசைமேலிருந்து, “ரைஸ் மில்லு எங்கய்யா இருக்கு ஒனக்கு?” என்றார்.

“வர்ற தைக்குள்ள போட்டுருவேன். பெயின்ட்டு அஞ்சு வருசம் இருக்குமில்ல?”

இலக்கணப் புத்தகம் போட்டவர்கள் யாராவது அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும் அக்கா. நான் ரைஸ் மில்லைச் சேர்த்துக்கொண்டேன். இல்லாத மில்லை எழுதுவது சரியா என்று மனதுக்குள் ஒரு கேள்வி வந்தது. வந்துவிட்டுப் போய்விட்டது.

மூன்றாம் கரைக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். “ஐப்பசியில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். சம்பந்தி வீட்டுக்காரக இந்த ரோட்டு வழியாத்தான் வரணும். எங்க பேருக்கு மேல முற்றுப்புள்ளியா?” பெரிய டீச்சர்தான் வழி சொன்னார், உயிரோடு இல்லாத யார் பெயரையாவது போடலாமே என்று. அவர்கள் கொஞ்சம் யோசித்து, “எங்க பெரியப்பாவுக்கு இனிமே கெட என்ன இருக்கு” என்று உட்கார்ந்தார்கள். முற்றுப்புள்ளி, அமரர் சேவுகப்பெருமாள் நினைவாக. நாலாம் கரைக்குக் கேள்விக்குறி. நிலத் தகராறில் கோர்ட்டுக்கு நடக்கிற குடும்பம் அது, கேள்வி கேட்கிற மாதிரி எதுவும் வேண்டாம் என்றார்கள். அப்புறம், ‘ஹூ இஸ் த ரிச்சஸ்ட் மேன்?’ என்று உதாரணம் போட்டால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பதில் எழுத வேண்டியதில்லை, ஊருக்குத் தெரியும்.

மறுபடி முதல் கரையிலிருந்து ஒரு சுற்று. எட்டு விதி போயிற்று. ஆச்சரியக்குறியைச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் போனிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள், மூன்றாகப் போடச் சொல்லி. நான் ஒன்றுதான் போட வேண்டும் என்று காகிதத்தில் எழுதிப் பெரிய டீச்சரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

மிச்சம் ஒன்று. அபாஸ்ட்ரஃபி. எழுத்தின் தோள்மேல் உட்காருமே, சின்னதாக. ஒரு பொருள் யாருடையது என்று சொல்கிற குறி. கரும்பலகையில் போட்டுக் காட்டினேன்.

“கொசு மாதிரி இருக்கு” என்றார் வெள்ளைச்சாமி ஐயா. யாரும் எடுக்கவில்லை.

பெயின்டர் சூசை அண்ணன் அறந்தாங்கிக்காரர், இதே பஸ்ஸில்தான் வந்து போனார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்தைப் படமாகப் பார்த்து வரைவார், அதனால் ஒரு தப்பு வராது. அவர் சுவரை ஜாணால் அளந்து பத்துக் கட்டம் போட்டார். இரண்டாம் நாளே வந்துவிட்டார். “மிஸ், பேரு, கரை, வீட்டுப் பட்டம், சிங்கப்பூர் விலாசம், போன் நம்பர், எல்லாம் குடுத்துட்டாங்க. ரூலை ஒரு வரியாக்கிக் குடுங்க, எடம் பத்தலை.” நான் ஒவ்வொரு சொல்லாக வெட்டினேன். நாலாம் நாள், “மிஸ், அந்த ஒரு வரியும் கொஞ்சம் இடிக்குது” என்றார். கடைசியில் என்ன மிஞ்சியது தெரியுமா அக்கா? மேலே குறி. கீழே ஒரு உதாரணம். அதற்குக் கீழே முக்கால்வாசிக் கட்டத்துக்குப் பெயர். விளக்கம் ஒன்றுகூட இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை. வரிசையும் என் வரிசை இல்லை, விபூதி வரிசை. கமா முடிந்துதான் முற்றுப்புள்ளி.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. யோசனை யாருடையது, எழுதியது யார் என்று ஒரு மூலையில்கூட இல்லையே என்று பெரிய டீச்சர்தான் ஒருநாள் கேட்டார். இல்லை, அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் நினைத்தேன்.

ஆனால் ஒன்று, பிள்ளைகள் மனதில் அந்தச் சுவர் நன்றாகப் பதிந்துவிட்டது. மார்ச் மாதம் ஆறாம் வகுப்பில் டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு பையன் கையைத் தூக்குகிறான். “மிஸ், இந்த எடத்துல வெள்ளைச்சாமி போடணுமா?”

எனக்குப் புரியவில்லை. பக்கத்துப் பெண், “லூசு, மூணு பொருள் வந்தாத்தான்டா வெள்ளைச்சாமி” என்கிறாள். இன்னொருவன், “மிஸ், இவன் அடைக்கலத்துல ஆரம்பிக்கவே இல்ல” என்று புகார் சொல்கிறான். நோட்டைத் திருத்தும்போது ஒருத்தியிடம் வாக்கியம் முடிகிற இடத்தில் என்ன விட்டுப்போயிற்று என்று கேட்டேன். “அமரர் மிஸ்” என்றாள்.

பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “எப்படியோ மனசுல நிக்குதே, அதான வேணும்” என்றார். அடைக்கலம் ஐயாவின் காதுக்கு அது போய், அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டார். “எம் பேரன் ஒருத்தன் இருக்கான், வீட்டுல ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல ஏம் பேரைச் சொல்ல மாட்டேங்குறான்” என்றார். அவர் பேரன் மஞ்சள் வேனில் போகிறான் அக்கா. வெள்ளைச்சாமி ஐயா வீட்டுப் பிள்ளைகளும்தான். சுவரில் இருக்கிற பெயர்களில் ஒருத்தர் வீட்டுப் பிள்ளைகூட எங்களிடம் இல்லை. அதைத் தப்பாகச் சொல்லவில்லை. வேன் வாசலிலேயே வருகிறது, சௌகரியம்.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளட்டுமா? புழுதி.

ஏப்ரலில் பெரிய டீச்சரும் நானும் வீடு வீடாகப் போனோம், ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை பிடிக்க. அவர் பேசுவார், நான் நோட்டில் எழுதுவேன். பதினான்கு பெயர் வந்தது. பதினைந்தாவது மேட்டுத்தெருப் பஞ்சவர்ணம் மகள் கனிஷ்கா. பக்கத்துக் குடியிருப்புத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடித்த பெண். நல்ல சூட்டிகை. நாங்கள் போனபோது பஞ்சவர்ணம் செங்கல் சூளையிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பாயைப் போட்டாள். பெரிய டீச்சருக்குப் போன் வந்து அவர் வெளியே போன நேரம் பார்த்து என்னிடம் கேட்டாள்.

“மிஸ்ஸு, எம் புள்ளைய உங்ககிட்டதான் சேக்கப் போறேன். ஒண்ணு கேக்கலாமா? செவுத்துல ஒரு கட்டம் சும்மா கெடக்காமே. அந்தக் கொசுக் கட்டம்.”

“ஆமா.”

“அது யாருக்கும் வேணாம்னு சொல்லிட்டாகளாம். அதுல இவ பேரைப் போட முடியுமா? பெயின்ட்டு நான் வாங்கித் தந்துர்றேன். சூளையில முன்பணத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன்.”

நான் நோட்டைப் புரட்டினேன்.

“பெருசா வேணாம். கீழ ஓரமாப் போதும். இவ தெனமும் அந்த வழியாத்தான் உள்ள போகணும். எல்லார் பேரையும் வாசிச்சுட்டுப் போறதுக்கு, இவ பேரும் ஒண்ணு இருந்தா...” அப்புறம் அவளே குறைத்துக்கொண்டாள். “பேரு பூரா வேணாம் மிஸ்ஸு. மொத எழுத்து போட்டாக்கூடப் போதும். எங்களுக்குத் தெரிஞ்சா சரி.”

எனக்கு மனது என்னவோ செய்தது அக்கா. நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. “பார்க்கலாம்” என்று சொன்னேன். பார்க்கலாம் என்றால் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. கனிஷ்காவைக் கூப்பிட்டு, “மிஸ்ஸு பாக்குறேன்னு சொல்லிட்டாக” என்றாள்.

மே மாதக் கூட்டத்தில் அதைக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன். அறந்தாங்கியிலிருந்து ஏந்தல்வயல் வரைக்கும் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தேன். ‘ஐயா, பதினைந்தாவது பிள்ளை அது. அந்தக் கட்டம் யாருக்கும் வேண்டாம் என்றீர்கள்.’ இவ்வளவுதான். இரண்டே வாக்கியம். கூட்டத்தில் அடைக்கலம் ஐயாவே எடுத்துக் கொடுத்தார், “அந்தக் கடைசிக் கட்டத்தை என்ன செய்றது?” என்று. பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் யாரோ சாக்பீஸால் வண்டி வரைந்திருந்தார்கள். அதற்கு மூன்று சக்கரம்.

“கெடக்கட்டும்” என்றார் அடைக்கலம் ஐயா. “யாராச்சும் பெரியவுக வந்தா எழுதிக்கலாம்.”

கூட்டம் முடிந்துவிட்டது. நான் கேட்டிருந்தாலும் அவர்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கரை இல்லாதவர்கள் பெயர் எப்படி வரும்? கேட்டு இல்லை என்று வாங்கிக்கொள்வதற்குக் கேட்காமல் இருப்பதே அவளுக்கும் மரியாதை. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சூசை அண்ணன் கடைசிக் கட்டத்துக்குப் பார்டர் போட வந்தார். கொசுவை அழகாக வரைந்துவிட்டுக் கீழே வெற்றிடத்தைப் பார்த்தார். “மிஸ், நாளைக்கு எந்தப் பெரிய மனுசன் வந்தாலும் நான் திரும்ப அளக்க முடியாது. யாரு பேராச்சும் ஒண்ணு சொல்லுங்க, அளவுக்குப் பென்சில்ல போட்டு வச்சுக்கறேன்.”

அளவுக்குத்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். முழுதாகக் கொடுத்தால்தானே அளவு தெரியும், அதனால் முதலெழுத்தும் பட்டமும் சேர்த்து. இங்கிலீஷிலும் தமிழிலும். அவர் கோடு கிழித்து, மெல்லிய பென்சிலில் எழுதினார். நல்ல கையெழுத்து அக்கா. அந்தச் சுவரிலேயே அந்த ஒரு பெயர்தான் எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியாக விழுந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. கிட்டே வந்தால் தெரியும். நான் சாப்பாட்டு வேளையில் சில நாள் கிட்டே போய்ப் பார்ப்பேன், அழிந்துவிட்டதா என்று.

யாருக்கும் கேடு இல்லாத விஷயம். வெறும் பென்சில்.

ஜூன் மாதம் சேர்க்கை. பதினான்கு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பஞ்சவர்ணம் கடைசித் தேதி அன்று காலையில் வந்தாள். சூளையில் விடுப்பு கிடைக்கவில்லையாம். கனிஷ்காவுக்குப் புதுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். மேசைமேல் டி.சி.யை வைத்தாள். பெரிய டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு, “வாம்மா பதினஞ்சு” என்றார். நான் சேர்க்கைப் படிவத்தை எடுத்து, பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுத ஆரம்பித்தேன்.

“மிஸ்ஸு, எழுதிட்டிருங்க. புள்ளைக்குச் செவுத்தைக் காட்டிட்டு வந்துர்றேன்” என்று பஞ்சவர்ணம் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

எங்கள் அலுவல் அறைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். கேட்டுக்கு வெளியே நின்று அந்தப் பெண் ஒவ்வொரு கட்டமாக வாசிப்பது எனக்குக் கேட்டது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் நன்றாக வாசித்தாள். லாரி, டிராக்டர், போர்வெல், ரைஸ் மில். நடுநடுவே அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் சத்தம் நின்றது.

“என்னடி, வாசி.”

“பென்சில்ல என்னமோ எழுதிருக்கும்மா.”

“என்ன எழுதிருக்கு?”

“பூங்கோதை. எம்.ஏ., பி.எட்.”

“அது ஆரு?”

“தெரியலம்மா. படிச்சவுக.”

கேட்டுக்குள் வந்து, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துப் பஞ்சவர்ணம் கேட்டாள், “மிஸ்ஸு, பூங்கோதைங்கிறது ஆரு?”

பெரிய டீச்சர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி, “இவங்கதான்மா. ஏன்?” என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பஞ்சவர்ணம் உள்ளே வந்தாள். சண்டைக்கு வந்த மாதிரி இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

“பெரியவுக யாராச்சும் வந்தா எழுதுறதுக்கு வச்சிருக்காகன்னு சொன்னாக. நீங்கதானா மிஸ்ஸு?”

“அது அளவுக்குப் போட்டது” என்றேன். “வெறும் பென்சில்தான்.”

“பென்சில்லனாச்சும் எம் புள்ள பேரைப் போட்டிருக்கலாமே.”

நான் பேனாவை மூடினேன். பிறந்த தேதி வரைக்கும் எழுதியிருந்தேன். தாய் மொழி என்கிற இடம் பாக்கி. பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “என்னம்மா, சின்ன விஷயம், பேசித் தீத்துக்கலாம், உட்காரு” என்றார். அன்றைக்கு நாலு மணியோடு சேர்க்கை முடிகிறது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் அக்கா, அழித்துவிட்டு அவள் மகள் பெயரை எழுதினால் அடைக்கலம் ஐயா விடுவாரா? எல்லாம் யோசித்துத்தானே பேச வேண்டியிருக்கிறது.

பஞ்சவர்ணம் உட்காரவில்லை. மேசைமேலிருந்த டி.சி.யை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். “டவுன்ல பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடம் இருக்கு. பஸ் பாஸ் தர்றாகளாம்” என்று பெரிய டீச்சரிடம் சொன்னாள், என்னிடம் இல்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பத்தரை மணி அறந்தாங்கி பஸ் அன்றைக்கு என்னவோ சரியான நேரத்துக்கு வந்தது.

பதினான்கு. ஒரே ஒரு பிள்ளை. அதுவும் எதற்காக? ஒரு பெயருக்காக. இந்த ஊரில் எல்லாருக்கும் பெயர்ப் பைத்தியம் அக்கா, இருக்கிறவர்களுக்கும் சரி, இல்லாதவர்களுக்கும் சரி. நான் ஒருத்திதான் எதுவும் கேட்காதவள், கடைசியில் எனக்குத்தான் வேலை போகிறது. இந்த மாதம் முப்பத்தொன்றோடு முடிகிறது. கழகத்தில் சொல்லிவிட்டார்கள். அடைக்கலம் ஐயா நேரில் வந்து, “உங்க மேல ஒரு குத்தமும் இல்ல மிஸ்ஸு, எண்ணிக்கை வரல” என்றார். வெள்ளைச்சாமி ஐயா, போகும்போது ஒரு நல்ல இங்கிலீஷ் டியூஷன் வாத்தியார் தெரிந்தால் சொல்லிவிட்டுப் போங்கள், பேத்திக்கு வேனில் சொல்லிக் கொடுப்பது போதவில்லை என்றார். சொல்கிறேன் என்றேன்.

கழகத்தில் அதைச் சொன்ன வாரம் சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. நான் என் புத்தகங்களை எடுத்து வர மதியம் போனேன். சாவி வாட்ச்மேன் வீட்டில் இருந்தது. வெயில். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஸ்டோர் ரூமில் என் பெட்டிக்குப் பக்கத்தில் சூசை அண்ணன் மிச்சம் வைத்துவிட்டுப் போன நீலப் பெயின்ட் இருந்தது, வாய் துணியால் கட்டி. மேலே ஆடை படிந்திருந்தது. குச்சியால் கிண்டினால் கீழே நன்றாகத்தான் இருந்தது. தூரிகை கொஞ்சம் விறைத்துப்போயிருந்தது, தின்னரில் நனைத்தேன்.

அதோ, பாலம் தாண்டியாயிற்று. அடுத்த நிறுத்தம்தான் அக்கா, பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூலைக் கொண்டுபோய்க் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் போட்டேன். பென்சில் கோட்டை விட்டு வெளியே போகாமல், முதலெழுத்திலிருந்து பட்டம் வரைக்கும், தமிழிலும் இங்கிலீஷிலும், நீலத்தில் எழுதினேன். காய்வதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் போய் நின்று, சத்தமாக வாசித்தேன்.